காது வழியாக வரும் எழுத்து

தமிழில் 'படி' என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. பாடம் படிப்பதும் படிப்பு, கதைப் புத்தகம் படிப்பதும் படிப்பு. இருந்தும் வீட்டில் யாருக்கும் குழப்பம் வருவதில்லை. "போய்ப் படி" என்று அம்மா சொன்னால் அது கதைப் புத்தகத்தைச் சொன்னதல்ல என்பது ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குக்கூடத் தெரியும். "படிக்கிற நேரத்துல கதைப் புஸ்தகம் என்ன வேண்டிக்கெடக்கு?" என்ற அதட்டலைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் குறைவு. போதாக்குறைக்கு, ஒருவன் 'கதை விடுகிறான்' என்றால் பொய் சொல்கிறான் என்று பொருள். மொழியே கதைக்கு எதிராகச் சாட்சி சொல்லும் ஊரில், குழந்தைகள் ஏன் வாசிப்பதில்லை என்று கருத்தரங்கு நடத்திக்கொண்டிருக்கிறோம்.

வாசிப்பு நல்லது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. ஆகவே அதைப் பற்றி எழுதி ஆவதும் ஒன்றுமில்லை. என் கேள்வி குறுகலானது. தமிழே பேசி வளர்ந்த குழந்தை, எழுத்துக் கூட்டவும் கற்றுக்கொண்ட பிறகு, ஒரு பக்கத் தமிழ்க் கதையைப் படித்துப் புரிந்துகொள்ளத் திணறுகிறதே, அது ஏன்? புத்தகத்தின் தமிழ் அதன் காதில் போதிய அளவு விழவில்லை என்பதுதான் நான் கண்ட வரையில் முக்கியமான காரணம். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு.

இரண்டு தமிழ்

சார்லஸ் பெர்குசன் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1959-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இரட்டை வழக்கு என்ற கருத்தை விளக்கினார். சில மொழிகளில் பேசுவதற்கு ஒரு வடிவமும் எழுத்துக்கும் மேடைக்கும் வேறொரு வடிவமும் இருக்கின்றன. இரண்டாவது வடிவத்தை யாரும் வீட்டில் பேசி வளர்வதில்லை. பள்ளிக்கூடத்தில் கற்றுத்தான் ஆக வேண்டும். அவர் விரிவாக எடுத்துக்கொண்டவை அரபு, கிரேக்கம், சுவிட்சர்லாந்தின் ஜெர்மன், ஹெய்ட்டியின் கிரியோல் ஆகிய நான்கு. தமிழையும் போகிற போக்கில் சொல்லியிருக்கிறார். நம் மொழிக்கு இதைவிடப் பொருத்தமான விவரிப்பு கிடையாது.

வகுப்பறையில் இது எப்படி இருக்கும்? வீட்டில் நாய் "ஓடிச்சு", புத்தகத்தில் "ஓடியது". வீட்டில் மாமா "வந்துட்டாரு"; புத்தகத்தில் "வந்துவிட்டார்". வீட்டில் "தெரியல", புத்தகத்தில் "தெரியவில்லை". இலை வீட்டில் 'எலை', உடம்பு 'ஒடம்பு', பல ஊர்களில் வாழைப்பழம் 'வாளப்பளம்'. 'இ', 'லை' என்று விரல் வைத்துப் பிழையில்லாமல் கூட்டிவிட்ட குழந்தை, நேற்று பந்தியில் தனக்கு முன்னால் விரித்த எலைதான் இது என்று கண்டுகொள்ள இன்னும் ஓர் அடி எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலக் குழந்தைக்கு எழுத்துக்கூட்டல் கோணல்மாணலானது. ஆனால் தட்டுத்தடுமாறிக் கூட்டி முடித்தால் கிடைக்கிற சொல் அதன் வீட்டுச் சொல்லாக இருக்கும். நம் குழந்தைக்குக் கூட்டல் ஒழுங்கானது, கிடைக்கும் சொல்தான் அந்நியம்.

பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரு உளவியலாளர்கள் 1986-ல் வாசிப்புக்கு ஓர் எளிய வாய்பாடு தந்தார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறனை, மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனால் பெருக்கினால் வருவது வாசிப்பு. கூட்டலாக இருந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டும். பெருக்கலில் எந்த ஒன்று பூஜ்யமானாலும் விடை பூஜ்யம்தான். நம் பள்ளிகள் ஆண்டுக்கணக்கில் முதல் எண்ணை மட்டும் உயர்த்தப் பாடுபடுகின்றன. இரண்டாவது எண் தானாக முழுமையாக இருக்கும், தாய்மொழிதானே என்ற நினைப்பு. எழுத்துத் தமிழ் யாருக்கும் முழுத் தாய்மொழி இல்லை. வீட்டில் உருதும் தெலுங்கும் சௌராஷ்டிரமும் பேசுகிற பிள்ளைகளுக்கு, மலையில் படகமும் இருள மொழியும் பேசுகிற பிள்ளைகளுக்கு, அது இன்னும் ஒரு படி தள்ளி நிற்கிறது.

எழுத்தின் சுமையையும் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1: ஆக 247. எல்லாவற்றுக்கும் தனி வடிவம் இல்லை என்று ஆறுதல் சொல்லலாம். ஆனால் கு, சு, டு, து, மு என்று உகர வரிசையில் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் வளைகிறது. ஊகார வரிசையில் அந்த வளைவுகளும் மாறுகின்றன. 'கெ' என்று எழுதக் கொம்பை முதலில் போட வேண்டும், ஆனால் வாயில் 'க்' தான் முதலில் வரும். 'க' என்ற ஒரே எழுத்து கடலில் ஒரு விதமாகவும் தங்கத்தில் ஒரு விதமாகவும் பகலில் இன்னொரு விதமாகவும் ஒலிக்கிறது. பெரியார் 1930-களிலேயே தம் ஏட்டில் கையாண்டு, தமிழ்நாட்டு அரசு 1978-ல் ஏற்றுக்கொண்ட சீர்திருத்தம் ணா, றா, னா, ணை, லை, ளை, னை வரிசைகளின் கோணல்களை நேராக்கியது. உகரத்தின் பக்கம் யாரும் போகவில்லை. கன்னடப் பிள்ளைகளை ஆராய்ந்த சோனாலி நாக், இந்த வகை எழுத்துமுறைகளில் முழு எழுத்துத் தொகுதியும் கைவர மூன்றாம், நான்காம் வகுப்பு வரை ஆகிறது என்று காட்டியிருக்கிறார். ஆங்கிலத்தின் 26 எழுத்துக்கு விதித்த காலக்கெடுவைத் தமிழ் எழுத்துக்கும் விதித்து, ஒன்றாம் வகுப்பு முடிவில் "எம் புள்ளைக்கு இன்னும் வாசிக்க வரல" என்று கைபிசையும் பெற்றோர் கொஞ்சம் மூச்சு விடலாம். கூட்டத் தெரிந்த பிறகும் புரியாமல் நிற்கிற பிள்ளையைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

திண்ணையும் டீக்கடையும்

நம் ஊரில் எழுத்து ஒரு காலத்தில் காதுக்கு உரியதாகவே இருந்தது. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினார்கள், எழுதும்போதே உரக்கச் சொன்னார்கள். ஆத்திசூடி போன்ற நூல்கள் ஓரடியில் அமைந்தது ஓலைச் சிக்கனத்துக்காக மட்டும் இருக்காது, வாயில் நிற்கவும்தான். எண்சுவடியும் அப்படியே சந்தமாக வாய்க்குள் ஏறியது. பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும், சட்டாம்பிள்ளை மேற்பார்ப்பான். எழும்பூரில் இருந்த ஆண் அநாதைப் பிள்ளைகள் காப்பகத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதியதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பித்த அந்த முறையை 1797-ல் லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். பிரிட்டனில் அது 'மதராஸ் முறை' என்ற பெயரிலேயே பரவியது. திண்ணையைக் கொண்டாடுகிறவர்கள் அங்கே உட்கார அனுமதிக்கப்படாதவர்களையும் நினைவில் வைக்க வேண்டும். பெண் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கும் தலித் பிள்ளைகளுக்கும் அந்தத் திண்ணை கிடையாது. ஏக்கப்பட அதில் ஒன்றுமில்லை. கற்றுக்கொள்ள ஒரு நுட்பம் இருக்கிறது.

அச்சு வந்த பிறகும் இந்தப் பழக்கம் உடனே போய்விடவில்லை. பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை என்று திருவிழாக் கடைகளில் விற்ற மலிவுப் புத்தகங்களை வாங்கியவர் ஒருவர் என்றால், கேட்டவர்கள் ஒரு தெரு. மாலையில் ஒருவர் ராகம் போட்டுப் படிப்பார். எழுத்தே அறியாத கிழவிகள் அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பார்கள். பிறகு டீக்கடையும் முடிதிருத்தும் கடையும் அந்த இடத்துக்கு வந்தன. சி.பா. ஆதித்தனார் 1942-ல் மதுரையில் தொடங்கிய 'தந்தி', பேச்சுத் தமிழுக்கு மிகப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியது. அதைப் பண்டிதர்கள் எள்ளினார்கள். ஆனால் டீக்கடை பெஞ்சில் ஒருவர் உரக்கப் படிக்கக் கேட்டு, பிறகு தலைப்பை மட்டும் கூட்டிப் பார்த்து, பிறகு கன்னித்தீவுப் படக்கதைக்கு வந்து எழுத்துப் பழகிய ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு தமிழுக்கும் நடுவே பாலம் போட்டதில் அந்தத் தாளுக்கு உள்ள பங்கை நம் கல்வி வரலாறு இன்னும் சரியாக எழுதவில்லை.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் நடந்த அறிவொளி இயக்கமும் அதே பாதையைத் தெரிந்தே பிடித்தது. பிள்ளைகளுக்கான இயக்கம் இல்லை அது, கல்குவாரியிலும் வயலிலும் வேலை செய்த பெண்களுக்கானது. அதன் அரிச்சுவடி 'அம்மா, ஆடு' என்று தொடங்கவில்லை. 'பட்டா', 'படி' என்று தொடங்கியது. 'ப', 'ட' இரண்டும் நேர்கோடுகளால் ஆனவை, கைக்கு எளிது. 'பட்டா' என்ற சொல்லோ அவர்கள் தாலுகா ஆபீஸ் வாசலில் ஆயிரம் தடவை காதால் கேட்டது. காது அறிந்த சொல்லைக் கண் சந்திக்க வைத்தார்கள். வீதி நாடகமும் பாட்டும் சைக்கிளும் அந்த இயக்கத்தோடு சேர்ந்து நினைவில் நிற்கின்றன. அந்த முதல் இரண்டு சொற்களும் நிற்க வேண்டியவை.

பள்ளி மூடிய பத்தொன்பது மாதங்கள்

2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. எந்த ஆய்வாளரும் நடத்தத் துணியாத சோதனை தானாக நடந்து முடிந்திருந்தது. இந்தியா முழுவதும் கிராமப்புறப் பிள்ளைகளிடம் ஒரு சின்னக் கதையைக் கொடுத்து வாசிக்கச் சொல்லிப் பார்க்கும் 'அசர்' கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 2018-ல் நூற்றுக்குச் சுமார் 40 பேர். 2022-ல் சுமார் 25 பேர். எல்லோரும் அந்த இறக்கத்தைப் பற்றிப் பேசினார்கள். எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது முதல் எண். பெருந்தொற்று வருவதற்கு முன்பே, பள்ளிகள் எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தபோதே, ஐந்து பேரில் மூன்று பேருக்கு அந்தக் கதை வாசிக்க வரவில்லை.

இந்தச் சூழலில் 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்து முதலியார்குப்பத்தில் தமிழ்நாடு அரசின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் தொடங்கப்பட்டது. தெருவுக்கு ஒரு தன்னார்வலர், பெரும்பாலும் அதே தெருவில் குடியிருக்கும் பெண். சுமார் 20 பிள்ளைகள். மாலையில் ஒன்றரை மணி நேரம். மாதம் ஆயிரம் ரூபாய். இரண்டு லட்சம் பேர் வரை இதில் இறங்கினார்கள். கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ ஆகிய பொருளியலாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்துப் பார்த்தார்கள். பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்சியில் கிட்டத்தட்ட கால் பங்கு, 24 விழுக்காடு, இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்பது அவர்கள் கணக்கு.

இவ்வளவு செலவு குறைந்த ஏற்பாடு இவ்வளவு செய்தது எப்படி? ஆய்வு எண்ணிக்கையைத் தருகிறது. உள்ளே நடந்ததை நாம்தான் ஊகிக்க வேண்டும். என் ஊகம் இது. அந்தத் தன்னார்வலர் 'டீச்சர்' ஆவதற்கு முன்னால் 'அக்கா'. புத்தகத்தில் "சென்றான்" என்று வந்தால் "போனாண்டா" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். இந்த மொழிபெயர்ப்பை எந்தப் பயிற்சிக் கையேடும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. கோயில் திண்ணையிலோ வீட்டு வாசலிலோ உட்கார்ந்து கதை சொல்லும்போது, பிள்ளைகள் இடையில் புகுந்து பேசினால் அதட்டுவதற்கு அடுத்த அறையில் தலைமையாசிரியர் இல்லை.

புத்தகம் மட்டும் போதுமா?

வார்விக் எல்லி என்ற நியூசிலாந்துக் கல்வியாளர் 1980-களின் தொடக்கத்தில் ஃபிஜித் தீவின் கிராமப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். வகுப்புக்குச் சுமார் 250 கதைப் புத்தகங்கள் கொண்டுவந்து இறக்கினார். புத்தக வெள்ளம் என்றே அதற்குப் பெயர். சில வகுப்புகளில் ஆசிரியர் உரக்க வாசிக்க, பிள்ளைகள் சேர்ந்து சொல்லி, நடித்துப் பார்த்தார்கள். வேறு சில வகுப்புகளில் அவரவர் அமைதியாக வாசித்தார்கள். இரண்டு வகை வகுப்புகளிலும் பிள்ளைகளின் வாசிப்பு வழக்கத்தைப் போல் இரு மடங்கு வேகத்தில் வளர்ந்தது. ஆங்கிலம் அவர்களுக்கு இரண்டாம் மொழி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதை நம்பி நூலகம் திறந்தால் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. கர்நாடகத்தில் ஒரு தொண்டு நிறுவனம் பள்ளிகளுக்கு நூலகங்களை ஏற்படுத்திக் கொடுத்தபோது, பொருளியலாளர்கள் முறையாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பிள்ளைகளின் மொழித்திறனில் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. ஃபிஜியில் நடந்து இங்கே நடக்காதது என்ன? அங்கே தினமும் இருபது முப்பது நிமிடம் வாசிப்புக்கென்றே வகுப்பு நேரத்தில் ஒதுக்கியிருந்தார்கள், ஆசிரியர் கையில் புத்தகம் இருந்தது. வித்தியாசம் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். அலமாரி யாருக்கும் வாசித்துக் காட்டுவதில்லை.

அதிலும் நம் பள்ளி அலமாரி. பீரோவைப் பூட்டி வைத்ததற்கு ஆசிரியரைத் திட்டுவது எளிது. புத்தகங்கள் ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏறியவை. ஆடிட்டில் இரண்டு குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். கிழியாத புத்தகம் நல்ல நிர்வாகத்துக்கு அடையாளம் என்று வைத்திருக்கிறோம். வாசிக்கப்படாததற்கும் அதுவே அடையாளம். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தபோது, புத்தகங்கள் பயன்பாட்டுக்கே என்பதை முதல் விதியாக வைத்தார். அதே ஆண்டில் மன்னார்குடி மேலவாசலில் கனகசபை என்பவர் மாட்டுவண்டியில் நடமாடும் நூலகம் விட்டார். ஊருக்குள் புத்தகம் தானே வந்து நின்ற அந்த வண்டிக்கு இருந்த புத்தி, தொண்ணூறு ஆண்டுக்குப் பிறகும் பல பீரோக்களுக்கு இல்லை. இழப்புக் கணக்கில் ஆண்டுக்கு இத்தனை புத்தகம் கிழியலாம் என்று ஓர் அரசாணை போட்டால் பாதிப் பூட்டுகள் திறந்துவிடும்.

பள்ளிக்குள் மாற்றம் நடக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆந்திரத்து ரிஷி வேலிப் பள்ளியின் கற்றல் அட்டை முறையைப் பார்த்துவிட்டு, ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.பி. விஜயகுமார் 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது மாநிலம் முழுவதும் போனது. ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்கிப் பாயில் உட்கார்ந்தார். பிள்ளை எட்டும் உயரத்துக்குக் கரும்பலகை இறங்கியது. அந்த ஒரு காட்சிக்காகவே அதற்கு வணக்கம் சொல்லலாம். ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் தன் அட்டையோடு தன் ஏணிப்படியில் தனியாக ஏறியதில், வகுப்பு மொத்தமும் ஒரு கதையைச் சேர்ந்து கேட்கும் நேரம் சுருங்கிப்போனது. 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது. அதன் பிறகு வந்த வாசிப்பு இயக்கம் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் அமைத்தது. பாடமல்லாத புத்தகம் பள்ளி நேரத்துக்குள்ளேயே வந்தது பெரிய விஷயம். அதைத் தேர்வுக்குக் கேள்வி எடுக்கும் இன்னொரு பாடநூலாக்கிவிடாமல் இருக்க வேண்டும்.

குஜராத்தின் பாவ்நகரில் குழந்தைப் பள்ளி நடத்திய கிஜுபாய் பதேக்கா, 'பகல் கனவு' என்று தமிழிலும் வந்திருக்கும் தம் நூலில் ஓர் ஆசிரியரைப் படைத்தார். நான்காம் வகுப்பை ஏற்றுக்கொண்ட அந்த மனிதர், பாடத்தை ஒதுக்கிவிட்டுக் கதை சொல்லிக்கொண்டே இருக்கிறார். மேலதிகாரி பொறுமை இழக்கிறார். கதை கேட்டுப் பழகிய பிள்ளைகள் அந்தக் கதைகளைத் தேடித் தாங்களாகப் புத்தகத்துக்கு வருகிறார்கள். நம் ஆசிரியர்கள் பலரும் அந்த நூலைப் படித்து உருகியவர்கள்தாம். திங்கட்கிழமை காலை போர்ஷன் முடிக்க வேண்டும் என்பதால் உருகியதோடு நின்றுவிடுகிறது.

"எலை" என்றே எழுதலாமா?

இங்கேதான் தமிழாசிரியர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். சில்வியா ஆஷ்டன்-வார்னர் நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர். 1963-ல் 'ஆசிரியை' என்ற பொருள்படும் தலைப்பில் தம் அனுபவத்தை நூலாக்கினார். அரசு தந்த பாடநூலின் சொற்கள் அந்தப் பிள்ளைகளை எட்டவில்லை. அவர் ஒவ்வொரு காலையும் ஒவ்வொரு பிள்ளையிடமும், உனக்கு இன்றைக்கு என்ன சொல் வேண்டும் என்று கேட்டார். பேய் என்றது ஒன்று, முத்தம் என்றது ஒன்று. அந்தச் சொல்லைத் தடித்த அட்டையில் எழுதிக் கையில் கொடுத்தார். பயமும் ஆசையும் ஏறிய சொல்லைப் பிள்ளை ஒரே பார்வையில் பிடித்துக்கொண்டது.

இதைத் தமிழில் செய்து பார்க்க முனைந்தால் முதல் நாளே சிக்கல். பிள்ளை, "எங்க ஆடு குட்டி போட்டுச்சு" என்கிறது. பலகையில் என்ன எழுதுவது? 'எங்கள் ஆடு குட்டி போட்டது' என்று திருத்தி எழுதினால், பிள்ளை சொன்னது வேறு, வாசிக்க வேண்டியது வேறு. சொன்னபடியே எழுதினால் கொச்சை; கண்காணிக்க வருபவர் பார்த்தால் விளக்கம் கேட்பார். என் கட்சி, முதல் ஆறு மாதம் சொன்னபடியே எழுதலாம் என்பது. தன் வாயிலிருந்து போன சத்தம் பலகையில் நின்று தன்னைத் திரும்பிப் பார்க்கிறது என்ற ஆச்சரியம் ஒரு தடவை நிகழ்ந்துவிட்டால், எழுத்து எதற்கு என்பது அந்தப் பிள்ளைக்கு விளங்கிவிடும். அதற்குப் பக்கத்திலேயே, "இதையே புஸ்தகத்துல எப்படிப் போடுவாங்க தெரியுமா?" என்று கேட்டு இரண்டாவது வரியை எழுதலாம். திருத்தமாக வராமல் விளையாட்டாக வர வேண்டும் அது. கரிசல் காட்டுக் கதைகளைச் சொன்னவர்கள் சொன்ன வாக்கிலேயே எழுதி கி. ராஜநாராயணன் தமிழுக்குப் பெருமை சேர்த்தார் என்று பாராட்டுகிறோம். அதே உரிமையை ஆறு வயதுக்காரனுக்குத் தர மறுக்கிறோம்.

வீட்டில் செய்வதற்கும் இதிலிருந்தே வழி கிடைக்கிறது. பிகாரிலும் ராஜஸ்தானிலும் எழுத்தறியாத தாய்மார்களுக்கு எழுத்துக் கற்பித்து, அதன் வழியாகப் பிள்ளைகளை உயர்த்த முடியுமா என்று சோதித்திருக்கிறார்கள். தாய்மார்கள் கற்றார்கள், பிள்ளைகளின் மதிப்பெண் கொஞ்சமே கூடியது. அது நீண்ட வழி, நடக்கட்டும். அந்தத் தாயிடமும் பாட்டியிடமும் ஏற்கெனவே கதை இருக்கிறது, விடுகதை இருக்கிறது, சொலவடை இருக்கிறது. பாட்டி சொன்ன கதையைப் பிள்ளை வகுப்பில் சொல்ல, ஆசிரியர் அதை எட்டுப் பக்கமாக எழுதித் தைத்து, பிள்ளை படம் போட்டு, மறுபடி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால், எழுத்தறியாத அந்தப் பாட்டியால் மட்டுமே அந்தப் புத்தகத்தில் பிழை கண்டுபிடிக்க முடியும். "நரி அப்படிச் சொல்லலடா" என்பார்.

வாசிக்கத் தெரிந்த பெற்றோர் செய்ய வேண்டியது இன்னும் எளிது: உரக்க வாசித்துக் காட்டுவது. அமெரிக்காவில் குரோவர் வைட்ஹர்ஸ்ட் 1988-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்குச் சின்னப் பயிற்சி ஒன்று தரப்பட்டது. கதையை ஓதிவிட்டுப் போகாமல், நடுவில் நிறுத்தி, 'ஆமாம்', 'இல்லை' என்று முடிந்துவிடாத கேள்வி கேட்பது. பிள்ளை சொன்னதைக் கொஞ்சம் நீட்டித் திருப்பிச் சொல்வது. ஒரே மாதத்தில் பிள்ளைகளின் பேச்சு தெளிவாக முன்னேறியது. தமிழ் வீட்டில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. வாசிக்கும்போது புத்தகத் தமிழ், கேள்வி கேட்கும்போது வீட்டுத் தமிழ். "யானை குளத்தில் இறங்கியது" என்று வாசித்துவிட்டு, "யானை எதுக்குடா எறங்குச்சு?" என்று கேட்டால், இரண்டு தமிழும் ஒரே மூச்சில் பிள்ளையின் காதில் விழுகின்றன. இலக்கணப் பெயர் எதுவும் இல்லாமல் 'இறங்கியது' என்பதும் 'எறங்குச்சு' என்பதும் ஒன்று என்று அது தெரிந்துகொள்கிறது. ஒரே புத்தகத்தை முப்பது தடவை கேட்டால் முகம் சுளிக்க வேண்டாம். அதே சொல் அதே இடத்தில் வரும் என்ற நிச்சயம்தான் அதற்கு ருசி. பிள்ளை வாசிக்கும்போது ஒவ்வொரு றகரத்துக்கும் நிறுத்தித் திருத்தவும் வேண்டாம், கதை செத்துப்போகும்.

வீட்டுக்குள் அச்சுத் தாள் குறைந்துபோனதையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தமிழ் வீடுகளில் குழந்தை வாசிப்பு புத்தகத்தைவிடப் பத்திரிகையால்தான் வளர்ந்தது. 1947 ஜூலையில் தொடங்கிய அம்புலிமாமாவை யார் முதலில் படிப்பது என்று தாத்தாவும் பேரனும் சண்டை போட்டார்கள். வங்கி வேலையில் இருந்துகொண்டே அழ. வள்ளியப்பா 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தொடங்கினார். பெரியசாமித் தூரன் குழந்தைகளுக்கென்றே பத்துத் தொகுதிகளில் கலைக்களஞ்சியம் கொண்டுவந்தார். பள்ளிக் கல்வித்துறை இப்போது பள்ளிகளுக்கு அனுப்பும் ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்கள் நல்ல முயற்சிதான். என்றாலும், பெரியவர்கள் தாமும் ஆசையாகப் புரட்டும் ஒரு தாள் வீட்டில் கிடப்பதற்கு அது ஈடாகாது. கைபேசியைக் குற்றம் சொல்வது எளிது. அதைப் பிடித்திருக்கும் பெரியவர் கையைப் பார்த்துத்தான் பிள்ளை கற்றது.

ஆங்கில வழிப் பள்ளி பற்றிக் கேட்பீர்கள். பிள்ளையை எதில் சேர்ப்பது என்பது பெற்றோர் தீர்மானம். அதற்குப் பின்னால் வேலையும் மரியாதையும் இருக்கின்றன. ஆனால் தமிழில் ஒரு பக்கம் வாசித்துப் புரியாத பிள்ளை ஆங்கிலத்தில் ஒரு பக்கத்தை மனப்பாடம் செய்கிறதே தவிர வாசிப்பதில்லை. இரவு பத்து நிமிடத் தமிழ்க் கதை அந்தப் பள்ளிக் கட்டணத்தை வீணாக்கிவிடாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். 1948-ல் இயற்றிய சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் வழியாக வந்த நூலக வரி, சொத்து வரியில் பத்து விழுக்காடு, அதில் இருக்கும். நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டிவிட்ட நூலகம் ஒன்று உங்கள் வட்டாரத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். பிள்ளையோடு போய், குழந்தைகள் புத்தகம் எந்த அடுக்கில் என்று கேளுங்கள். அதை அங்கேயே ஒரு மூலையில் உட்கார்ந்து உரக்க வாசித்துக்காட்ட இடம் உண்டா என்றும் கேளுங்கள். சுவரில் 'அமைதி காக்கவும்' என்று எழுதியிருக்கும், இருந்தாலும் கேளுங்கள்.